கொற்கைச் சிங்களவனும் பனையூர் கான்சாகிபும்

ஆங்கில இலக்கியம் படித்த எவரும் ஒருமுறையாவது தேர்வில் எழுதியிருக்கும் விடை ஒன்று உண்டு. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ எதனால் வீழ்ந்தான்? பொறாமையால், எதையும் எளிதில் நம்பிவிடும் குணத்தால். கூடவே அரிஸ்டாட்டில் பெயரையும் சேர்த்துவிட்டால் முழு மதிப்பெண். இந்த விடையை நாமும் வெகுகாலம் நம்பியிருந்தோம். ஆனால் மண்டபம் முனையில், இரு பக்கமும் கடல் தெரியும் இடத்தில் நின்று அந்த நாடகத்தை மறுபடி மனத்தில் ஓட்டிப் பார்க்கும்போது, அந்த விடை பாதி தூரம்கூடப் போவதில்லை என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கதை இந்தக் கரையில் நடந்திருக்கிறது. இந்தச் சீமையின் மண்ணில் பிறந்த ஒருவர் அதை வாழ்ந்து முடித்து, தூக்கில் தொங்கியிருக்கிறார்.

முதலில் நாடகத்துக்கு வருவோம். 1604 நவம்பரில் லண்டன் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் அது நடிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. வெனிஸ் நகரத்து நள்ளிரவுத் தெருவில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில் கதை தொடங்குகிறது. பேச்சு முழுவதும் ஒரே மனிதனைப் பற்றியது. அவன் உதட்டைச் சொல்கிறார்கள், நிறத்தைச் சொல்கிறார்கள், மிருகங்களோடு ஒப்பிடுகிறார்கள். அவன் பெயரை மட்டும் சொல்வதில்லை. முதல் காட்சி முடிகிறது, இரண்டாம் காட்சியும் முடிகிறது. மூன்றாம் காட்சியில் ஆட்சித் தலைவர் வாயிலிருந்துதான் ‘ஒத்தெல்லோ’ என்ற பெயர் முதன்முறையாக வெளிவருகிறது. அதுவும் எப்போது? துருக்கியர் சைப்ரஸ் தீவை நோக்கிப் படையெடுத்து வருகிறார்கள், உடனே தளபதி வேண்டும் என்ற நிலையில். தேவை வந்தபோது பெயர் வந்தது.

அதே சபையில் அதே இரவில் ஒத்தெல்லோ மணந்த பெண்ணின் தகப்பன் பிரபான்சியோ வந்து முறையிடுகிறான். நேற்றுவரை ஒத்தெல்லோவைத் தன் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தவன், அவன் போர்க்கதைகளை விரும்பிக் கேட்டவன். ஒத்தெல்லோ தன் மகள் டெஸ்டிமோனாவைக் கைப்பிடித்தான் என்றதும், மந்திரம் போட்டு மயக்கிவிட்டான் என்கிறான். சபை அந்த முறையீட்டைத் தள்ளிவிடுகிறது. நீதி உணர்ச்சி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. போர் வாசலில் நிற்கிறது, அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. அடுத்த அங்கத்தின் தொடக்கத்திலேயே துருக்கியக் கடற்படையைப் புயல் சிதறடித்துவிடுகிறது. போர் இல்லை. வீரனுக்கு வேலை இல்லை. ஒத்தெல்லோவின் வீழ்ச்சி சரியாக அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தேர்வு விடைகளில் இந்தப் புயலுக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை.

நாடகத்தில் அவனை ‘மூர்’ என்றே பெரும்பாலும் அழைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஐபீரியத் தீபகற்பத்தில் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களோடு நூற்றாண்டுக்கணக்கில் போரிட்ட போர்த்துகீசியர், இந்தியப் பெருங்கடலுக்கு வந்தபோது தங்கள் பழைய பகைச் சொல்லையும் கப்பலில் ஏற்றி வந்தார்கள். கோழிக்கோட்டில் கண்ட முஸ்லிம் அவர்களுக்கு மூர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கண்டவரும் மூர். இலங்கையில் கண்டவரும் மூர். 1538இல் மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் பக்கம் நின்ற மரைக்காயர் கப்பற்படையை மார்ட்டிம் அஃபோன்சோ டி சோசாவின் படை முறியடித்தது. அதையும் மூர்களை வென்ற கதையாகத்தான் அவர்கள் எழுதி வைத்தார்கள்.

இந்தக் கரைக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. இங்கே மரைக்காயர் உண்டு, லெப்பை உண்டு, ராவுத்தர் உண்டு, பழைய சொல்லாகிய சோனகரும் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொழிலோ வழியோ ஊரோ பின்னால் நிற்கும். கப்பலோட்டியவர், ஓதிக்கொடுத்தவர், குதிரை வணிகம் செய்தவர் என்று ஆளைப் பார்த்து வைத்த பெயர்கள் அவை. ‘மூர்’ என்ற சொல்லோ ஆளைப் பார்க்காமலே வைக்கப்பட்டது. மொராக்கோக்காரனையும் கீழக்கரைக்காரனையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது. இன்றைக்கும் இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் தமிழில் ‘சோனகர்’ என்றும் ஆங்கிலத்தில் ‘மூர்’ என்றும் பதிவாகிறார்கள். ஒத்தெல்லோவின் அடைமொழி பாக் நீரிணைக்கு அப்பால் அரசாங்கப் படிவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது பனையூருக்கு வருவோம். 1725 வாக்கில், இராமநாதபுரச் சீமையின் பனையூரில், வேளாளர் குடியில் மருதநாயகம் என்ற பெயரில் பிறந்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படுபவர் யூசுப் கான். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, சிப்பாயாகி, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்தார். 1752 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதியபோது, பட்டினி கிடந்த ஆங்கிலப் படைக்கு எதிரி வளையத்தைக் கடந்து அரிசியும் மாடும் கொண்டுவந்து சேர்த்த வழித்துணைப் படையை நடத்தியவர் அவர். தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அவரை வாயாரப் புகழ்ந்தார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அவரைத் தன் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆக்கியது. அந்தச் சொல்லை நம் ஜனங்கள் ‘கம்மந்தான்’ என்று வாய்க்கு வசமாக்கிக்கொண்டார்கள். கம்மந்தான் கான்சாகிபு என்ற பெயர் அப்படி வந்தது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு உள்ளே ஆங்கிலேயர் அடைபட்டிருக்க, வெளியே குதிரைப்படையோடு சுற்றி வந்து பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுத்துக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் யூசுப் கான். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரையும் திருநெல்வேலியும் அவர் கைக்கு வந்தன. ஏரி குளங்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானிய நிலங்களை மீட்டுக் கொடுத்தார். மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும், திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கான்சாபுரமும் அவர் பெயரைத் தாங்கியே வழங்குகின்றன என்பது ஊரார் சொல். அவர் மணந்த மாசா, போர்த்துகீசிய வழியில் வந்த கிறித்தவப் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கம்பெனிக்கு வரி வாங்கிக் கொடுக்கப் பாளையங்களை எரித்தவரும் அவர்தான். பூலித்தேவரோடு போரிட்டு நெல்கட்டான்செவலை விட்டு ஓடச் செய்தவரும் அவர்தான். கள்ளர் நாட்டில் அவர் நடத்திய ஒடுக்குமுறையை அந்த ஊர்கள் மறக்க நியாயமில்லை. ஒத்தெல்லோவும் குற்றமற்றவன் இல்லை. ஒன்றும் அறியாத மனைவியைத் தன் கையாலேயே கொன்றவன். அவலத் தலைவன் என்பவன் நல்லவனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பெரியவனாக இருந்து, அவன் அழிவில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். கேள்வி, மீதிப் பங்கு யாருடையது என்பதுதான்.

யூசுப் கானின் வாழ்க்கையில் அந்தப் புயல் 1761 ஜனவரியில் அடித்தது. அந்த மாதம் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. தென்னாட்டில் பிரெஞ்சுப் படை இல்லாமல் போனது. முந்தைய ஆண்டுவரை கம்பெனிக்கு உயிரைக் கொடுத்தவர் இப்போது அவர்களுக்குத் தேவைக்கு மேற்பட்டவர். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு அவர் மேல் நெடுநாள் புகைச்சல். தன் நாட்டில் தனக்குக் கட்டுப்படாத ஒருவன் செல்வாக்கோடு இருப்பதா என்று. நவாப் முறையிட்டார். பிரபான்சியோவின் முறையீட்டைப் போர்க்காலத்தில் தள்ளிய சபையைப் போல, கம்பெனியும் லாலி முற்றுகையிட்ட நாட்களில் இதைத் தள்ளியிருக்கும். இப்போது தள்ளவில்லை. நீ நவாபின் ஊழியன், குத்தகையை அவருக்கே கட்டு, அவருக்குப் பணிந்து நட என்றது. தங்கப் பதக்கம் வாங்கியவர் ஒருநாளில் வேலைக்காரன் ஆனார், வேலைக்காரன் மறுத்ததும் கலகக்காரன் ஆனார். 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

அந்த ஆண்டின் மழைக்காலம் வரை நடந்த முதல் முற்றுகையில் கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. 1764 ஜூனில் மேஜர் சார்லஸ் கேம்பல் நடத்திய நேரடித் தாக்குதலும் பெரும் உயிரிழப்போடு தோற்றது. பிறகு கோட்டையைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டார்கள். உள்ளே உணவு தீர்ந்தது. அக்டோபர் 13 அன்று, தொழுகை நேரத்தில், நிராயுதபாணியாக இருந்த யூசுப் கானை அவருடைய திவான் சீனிவாச ராவும் அவரிடம் சேர்ந்திருந்த பிரெஞ்சுப் படைத்தலைவன் மார்ஷாந்தும் சேர்ந்து பிடித்தார்கள். அவர் தலைப்பாகையை அவிழ்த்து அதனாலேயே கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. வெளியே இருந்த எந்தப் பீரங்கியாலும் முடியாததை, அவர் சாப்பாட்டில் பங்கு கொண்டவர்கள் செய்து முடித்தார்கள். அக்டோபர் 15 அன்று மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரம் பக்கம் தூக்கிலிட்டார்கள். உடலைக் கூறு போட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்பது மக்கள் வழக்கு. செத்த பிறகும் அவர் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து என்று அஞ்சியிருக்கிறார்கள்.

இந்த வாழ்க்கையில் பொறாமைக்காரக் கணவன் இல்லை, பொய்ச் சாட்சியான கைக்குட்டை இல்லை, சந்தேகத்துக்கு ஆளான மனைவி இல்லை. ஆனாலும் வீழ்ச்சியின் வடிவம் அப்படியே இருக்கிறது. அயலானை நம்பித் தன் வாளைக் கொடுக்கும் ஒரு வணிக அரசு. வெனிஸும் வணிகர் நகரம்தான். தன் குடிமகன் படைபலத்தோடு தலைதூக்கிவிடக் கூடாது என்று வெளியாரைத் தளபதியாக வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. கம்பெனியும் வணிகர் கூட்டம். இரண்டுமே அயலானின் உழைப்பை ஏற்றுக்கொண்டன, அவனுக்குப் பட்டமும் பரிசும் கொடுத்தன. சமமான இடம் மட்டும் கொடுக்கவில்லை. அது கொடுபடாதது என்பதை அவன் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறான். ஒத்தெல்லோவின் குணத்தில் இருந்த ஓட்டை பொறாமை என்று சொல்வதைவிட, பாராட்டை உறவென்று எடுத்துக்கொண்டது என்று சொல்வதே பொருந்தும்.

அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. ஒத்தெல்லோவின் மனத்தில் சந்தேகத்தை விதைக்கும் அவன் படையாள் இயாகோ செய்கிற பெரிய கொடுமை பொய் சொன்னது மட்டும் இல்லை. ஊர் ஒத்தெல்லோவைப் பார்க்கிற கண்ணை எடுத்து ஒத்தெல்லோவின் முகத்திலேயே பொருத்திவிடுகிறான். நாடகத்தின் நடுப்பகுதியில் ஒத்தெல்லோ தானாகவே தன் கறுப்பு நிறத்தையும், நாகரிகப் பேச்சு வராத நாவையும், ஏறிவிட்ட வயதையும் எண்ணி, இப்படிப்பட்டவனை ஒருத்தி எப்படி விரும்பியிருப்பாள் என்று கேட்டுக்கொள்கிறான். அந்த நொடியில் அவன் அழிந்தாயிற்று. மீதியெல்லாம் அதன் நடைமுறை. கடைசியில் தன்னையே குத்திக்கொண்டு சாகும்போதுகூட, முன்பொரு நாள் வெனிஸை இழிவுபடுத்திய ஒரு துருக்கியனைத் தான் குத்தியதைச் சொல்லிக்கொண்டேதான் குத்துகிறான். அரசுக்கு உழைத்த படைவீரனும் அவன்தான், அரசால் கொல்லப்பட வேண்டிய அயலானும் அவன்தான். வெறுப்பு வெளியே நிற்கும்வரை அதோடு போராடலாம். மனிதனுக்குள் குடியேறிவிட்டால் அவன் கையே அதற்கு ஆயுதம்.

இந்த வெறுப்பு மேடைக்கு வெளியேயும் அந்த நாடகத்தைத் துரத்தியது. ஆப்பிரிக்க அமெரிக்க நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1833இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்தபோது, பத்திரிகைகள் நடிப்பைவிட அவர் நிறத்தைப் பற்றியே அதிகம் எழுதின. 1848இல் கல்கத்தாவின் சான் சூசி அரங்கில் வைஷ்ணவ் சரண் ஆட்டி என்ற வங்காளி, ஆங்கிலேய நடிகர்களோடு அதே வேடம் ஏற்றார். ஒரு வெள்ளைக்காரர் சாயம் பூசிக்கொண்டு நடித்தால் கலை, பூசத் தேவையில்லாதவர் நடித்தால் அதிசயம் என்பதே அந்தக் கால மனப்பாங்கு.

இதுவரை வெள்ளைக்காரரைக் குற்றம் சொல்லியாயிற்று. அது நமக்கு எளிது. கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

அ. மாதவையாவை ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலின் ஆசிரியராக அறிவோம். உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்தவர், இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி பரம்பரையை வைத்துத் ‘திருமலை சேதுபதி’ என்ற நாடகமும் எழுதியவர். அவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒத்தெல்லோவைத் தமிழாக்கினார். ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும் மக்பெத்தை மகபதி என்றும் பம்மல் சம்பந்த முதலியார் மாற்றிய காலம் அது. பெயரும் ஊரும் தமிழாக வேண்டும். ஒத்தெல்லோ உதயலன் ஆனான். வெனிஸ், முத்துக் குளித்த பாண்டியத் துறைமுகமான கொற்கை ஆனது. அதுவரை சிக்கல் இல்லை. ‘மூர்’ என்ற சொல்லுக்கு என்ன செய்வது? தமிழர் நடுவே வாழ்ந்து, வீரத்துக்காக மதிக்கப்பட்டு, பிறப்புக்காக வெறுக்கப்படுகிறவன் என்று வாசகர் கேட்டவுடனே புரிந்துகொள்ள வேண்டுமே. மாதவையா எடுத்த சொல் ‘சிங்களவன்’. நாடகம் ‘உதயலன் என்ற கொற்கைச் சிங்களவன்’ ஆனது.

அது மொழிபெயர்ப்பாளரின் குறை இல்லை. கூர்மை. தன் சமூகத்தின் மனத்தில் அயலானுக்கான நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து, அவரைச் சரியாக அடையாளம் காட்டினார். அந்த நாற்காலி எப்படி வந்தது என்பதற்கும் இந்தக் கரையே சாட்சி. 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் இராமேசுவரத்தில் வந்து இறங்கி, குந்துகால் என்று இன்று கருதப்படும் இடத்தில் கோட்டை கட்டிப் பாண்டிய நாட்டுக்குள் படை நடத்தினான். இந்தப் பக்கத்திலிருந்து போன படைகளும் அங்கே ஊர்களை எரித்திருக்கின்றன. ஆனால் அதே நூற்றாண்டில் இலங்கையின் பொலன்னறுவையில் தமிழ் வேளைக்காரப் படையினர், புத்தரின் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாகத் தமிழிலேயே கல்லில் உறுதிமொழி பொறித்துக் கொடுத்தார்கள். அயல்நாட்டில், அயல் சமயத்தின் புனிதப் பொருளுக்குக் காவல் நின்ற அந்தத் தமிழர்களை அங்கே யாராவது பெயர் சொல்லாமல் அழைத்திருக்க மாட்டார்களா? கடலின் இந்தக் கரையில் ஒருவன் வெனிஸ்காரன், அந்தக் கரையில் அவனே மூர்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்பதற்கும் இதே சீமையில் சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட கிழவன் சேதுபதி, கீழக்கரை வணிகர் சீதக்காதிக்கு விஜய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர் என்று தன் குலப் பட்டத்தையே கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பதக்கம் வேறு, பட்டம் வேறு. பதக்கம் செய்த வேலைக்குக் கொடுப்பது. குலப்பட்டம் நீ எங்களில் ஒருவன் என்று கொடுப்பது. அதே சேதுபதியின் ஆட்சியில்தான் 1693இல் ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே அரண்மனையில் அயலானுக்கு அணைப்பும் இருந்தது, வாளும் இருந்தது. எதை எடுப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள்.

யூசுப் கானை என்ன செய்வது என்பதையும் மனிதர்கள் முடிவு செய்தார்கள். கம்பெனியின் ஏடுகள் அவரைக் கலகக்காரன் என்று எழுதி மூடின. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ‘கான்சாகிபு சண்டை’ என்று கதைப்பாடலாகப் பாடினார்கள். அதை நா. வானமாமலை பதிப்பித்துக் கொடுத்தார். சம்மட்டிபுரத்தில் உடல் விழுந்த இடத்தில் தர்கா எழுந்தது. அதிகாரம் அடையாளத்தை வைத்துக்கொண்டது, ஜனங்கள் பெயரைக் காப்பாற்றினார்கள்.

இன்றைக்கு இதெல்லாம் எதற்கு? 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியற்றுப்போன குடும்பங்கள் படகேறி வந்து, அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் கைக்குழந்தையோடு வெயிலில் நின்றன. கடலோரக் காவல்படை மீட்டுக் கரை சேர்த்தது. மண்டபம் முகாமில் இடம் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த முகாமில் 1983 முதல் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த மண்ணிலேயே பிறந்து, நம் பள்ளிகளில் நம் மொழியிலேயே படித்து வளர்ந்தும் ‘அகதி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார்கள். இராமேசுவரத்து விடுதிகளில் எச்சில் இலை எடுப்பவரும், பாலத்துக்குக் கம்பி கட்டியவரும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். அவருக்கும் பெயர் உண்டு. நாம் ‘வடக்கன்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். வேலை இருக்கும்வரை நல்ல பையன். ஊரில் ஏதேனும் ஒரு திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் அவன் மேல். வெனிஸ் நகரத்துத் தெருவில் நள்ளிரவில் பேசிக்கொண்ட அந்த இரண்டு குரலும் நம் டீக்கடை வாசலில் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

இனித் தேர்வுக்கு வருகிற மாணவரிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். ஒத்தெல்லோவிடம் இருந்த குறை என்ன என்பதோடு நிறுத்தாமல், இன்றைக்கு இந்தக் கரையில் ஒருவர் அந்த நாடகத்தை மறுபடி தமிழாக்கினால் தலைப்பில் என்ன சொல்லைப் போடுவார் என்று கேட்கலாம். மாதவையா கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு சொல்லை எழுதினார். இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் எழுத உங்கள் மனத்தில் சட்டென்று வருகிற சொல் எது? அந்தச் சொல்லால் நாம் அழைக்கும் மனிதர் நாளைக் காலையும் எங்கேயாவது எதிரே வருவார். அவர் பெயர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.